மூச்சுக்கு இத்தனை அடி

மாதத்தின் முதல் ஞாயிறு நண்பகலில் சுவர் நகரும் என்பதால், காலையிலிருந்தே நகர்சுவர்க் குடியிருப்பின் மின்தூக்கிகள் உறவினர்களால் பிதுங்கின. வீட்டுக்கு வீடு பிரியாணி வாசனை.

அரசின் அந்த வாடகை வீடுகளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சம்பளத்துக்கேற்ற வாடகை. காலி செய் என்று மிரட்ட வீட்டுக்காரர் கிடையாது. என்ன சாதி, கறி சமைப்பீர்களா என்று எவரும் கேட்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். கூரையில் பதித்த மூச்சுமானி, அந்த நண்பகலில் உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று எண்ணும். ஆள் குறைந்த வீட்டின் பக்கச்சுவர் உள்ளே நகர்ந்து, ஆள் கூடிய அடுத்த வீட்டுக்கு இடம் விடும். இயந்திரத்தின் கணக்கில் பிழையே இல்லை. பிழையெல்லாம் நம்மிடம்தான்.

கதிரேசனின் மகள் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவுக்கோ இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. மகளின் அறை பறிபோகப் போகிறதே என்று கதிரேசனும் மனைவி வான்மதியும் கலந்து பேசி, கடைசியில் செண்பகத்தை அழைத்தார்கள்.

செண்பகம் அவனுடைய அக்கா. கணவனை இழந்தவள், திண்டிவனத்தில் ஒரு விடுதியில் சமையல் வேலை. முன்பு தனியார் வீட்டில் வாடகைக்கு இருந்தபோது, ஆள் தங்கினால் வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்திவிடுவார் என்று சொல்லி, வந்த அன்றே அவளைப் பேருந்து ஏற்றிவிட்டவன் கதிரேசன். இப்போது அவனே போன் செய்து, "ஒரு வாரம் வந்து தங்கிட்டுப் போக்கா" என்றதும், அவள் லீவு போட்டுவிட்டு, கை நிறைய முறுக்கோடு வந்து சேர்ந்தாள். மகளின் அறையில் அவளுக்குப் புது விரிப்பு, தினமும் மீன் குழம்பு. தம்பிக்கு இப்போதுதானே கொஞ்சம் வசதி வந்திருக்கிறது, பாசம் எங்கே போகும் என்று வான்மதியிடம் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வான்மதி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நண்பகலில் சுவர் அசையவில்லை. கதிரேசன் நிம்மதியாக இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான்.

மாலையில் செண்பகம் மிச்ச முறுக்கை எடுத்துக்கொண்டு இரட்டைக் குழந்தைகளைப் பார்க்கப் போனாள். இரண்டு தொட்டில்களும் சமையலறையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொங்கின. இடம் வரும் என்று காத்திருந்து ஏமாந்த ஸ்டெல்லா, கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"நீங்க எந்த வீட்டு மூச்சு?"

செண்பகம் புரியாமல் விழிக்க, ஸ்டெல்லாவே எல்லாவற்றையும் விளக்கினாள். இங்கே எல்லாரும் செய்வதுதான், நாளைக் காலையில் பேருந்து நிலையத்துக் கூட்டத்தைப் பாருங்கள், தெரியும் என்றாள்.

செண்பகம் திரும்பி வந்து துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். வான்மதி உள்ளே போய்விட்டாள். கதிரேசனுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. எண்ணும் நேரம் முடிந்துவிட்டது. அக்கா இனி இருந்தாலும் போனாலும் சுவருக்கு ஒன்றுதான். இப்போதுதான் அவள் இருக்க வேண்டும் என்று அவன் மெய்யாகவே விரும்பினான். அதைச் சொல்ல, அந்தக் குடியிருப்பில் எல்லாரும் சொல்லும் அதே வார்த்தைதான் அவனிடமும் இருந்தது.

"போகாதக்கா. இன்னும் கொஞ்ச நாள் இரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. தம்பிக்கு ஒரு உதவி தேவைப்படுகிறது என்று புரிந்துகொண்ட முகம்.

"எத்தனாந்தேதி வரைக்கும்னு சொல்லு தம்பி. விடுதியில லீவு சொல்லணும்."