நாலு மணிக்குக் காணாமல் போகும் படங்கள்

நாலு மணி அடித்ததோ இல்லையோ, "போச்சு, இன்னிக்கும் போச்சு" என்று தலையில் கை வைத்தார் அப்பா.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைந்து கொடுக்கும் சின்ன அலுவலகம் அவருடையது. வரைந்த படங்கள் எல்லாம் மூலையில் இருக்கும் ஒரு பழைய கணினியில் இருந்தன. அதற்குப் பெட்டகம் என்று பெயர். மற்றவர்கள் தங்கள் மேசையில் இருந்தபடியே அதைத் திறந்து வேலை செய்வார்கள். இந்த வாரம் முழுக்க, சாயங்காலம் ஆனால் பெட்டகம் கண்ணாமூச்சி ஆடியது. ஒரு நிமிடம் திறக்கும், அடுத்த நிமிடம் கையை விரித்துவிடும். காலையில் மட்டும் சமத்தாக இருக்கும்.

பள்ளி விட்டு வந்து சுவரோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த துருவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் அப்பாவின் ஒரே மகள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர் அது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் கணக்கு மாமா. அவர் எதை எப்போது சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. "புதுப் பொண்ணு திங்கட்கிழமை சேர்ந்தா. அன்னிக்கே இது ஆரம்பிச்சது. அவ வர்றதும் நாலு மணி, படம் போறதும் நாலு மணி."

கல்லூரி முடிந்து நேராக வேலைக்கு வரும் புது அக்காவின் முகம் வாடிவிட்டது. "நான் எதையும் மாத்தலை சார்."

"தப்பா நினைக்காதம்மா" என்றார் அப்பா. "பல் டாக்டர் பலகை இன்னிக்கு முடிஞ்சாகணும். இப்படியே போனா சரிப்படாது. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

துருவிக்குச் சுருக்கென்றது. பல் டாக்டர் பலகைக்காக, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஒரு முதலையை வரைந்தவள் அந்த அக்காதான். அதன் கையில் பிரஷ் கொடுக்கலாம் என்று துருவி சொன்னதும், உடனே கொடுத்தும் விட்டாள்.

"அக்காதான் காரணம்னு எப்படிப்பா தெரியும்?"

"நேரம் ஒத்துப்போகுதே."

"காக்கா உட்கார்ந்தப்போ பனம்பழம் விழுந்தா, காக்காதான் தள்ளிவிட்டுச்சுன்னு சொல்வீங்களா?"

"வீட்டுப்பாடத்தைப் பாரு."

துருவி விடுவதாக இல்லை. அப்பாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "ஒவ்வொண்ணா நிறுத்திப் பாக்கலாம்பா. எதை நிறுத்தினா பெட்டகம் ஒழுங்காத் திறக்குதோ, அதுதான் காரணம். முதல்ல அக்காவோடதையே நிறுத்துங்க."

அக்கா தன் கணினியை நிறுத்தினாள். அப்பா தன் கணினியில் பெட்டகத்தைத் தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார். திறந்தது, உடனே மூடிக்கொண்டது.

"அப்போ அக்கா இல்லை" என்றாள் துருவி. "அடுத்து மாமாவோடது."

"என்னோடதா? அது பச்சைப்பிள்ளை மாதிரி" என்று முனகிக்கொண்டே மாமா நிறுத்தினார். பலன் இல்லை. பிரிண்டரை நிறுத்தினார்கள். அதற்கும் பலன் இல்லை.

"இனி நிறுத்த என்ன இருக்கு? மின்விசிறியா?" என்று கேட்டார் மாமா.

அப்போது துருவியின் பைக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அவளுடைய புது டேப் கணினி. ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா வாங்கிக் கொடுத்தார். திங்கட்கிழமையில் இருந்து தினமும் நாலு மணிக்கு அவளோடு அதுவும் இங்கே வந்தது. வந்ததும் அலுவலக வைஃபையில் தானாகவே சேர்ந்துகொண்டது.

இதுதான் காரணமோ என்று துருவிக்குத் தோன்றியது. தெரிந்தால் அப்பா டேப்பைப் பிடுங்கி வைத்துவிடுவார். பைக்குள் கையை விட்டு அமைதியாக அணைத்துவிட்டால் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. கை பைக்குள் போயும் விட்டது. எதிரே, வர வேண்டாம் என்றதை அப்பா இன்னும் மாற்றிச் சொல்லாததால், அக்கா தன் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

துருவி டேப்பை வெளியே எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி மேசை நடுவில் வைத்தாள். "இதையும் நிறுத்திப் பாக்கணும்பா."

அணைத்தாள். அப்பா தட்டினார். பெட்டகம் கொஞ்சம் யோசித்தது; பிறகு திரை முழுக்க முதலை வந்து சிரித்தது. அப்படியே நின்றது. டேப்பைப் போட்டால் பெட்டகம் போனது, அணைத்தால் வந்தது.

அக்கா டேப்பின் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். "வைஃபையில சேர்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் உண்டு. இதுக்கும் பெட்டகத்துக்கும் ஒரே எண் சார். ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தா தபால்காரர் என்ன பண்ணுவார்?"

"ஒரு நாள் இங்க குடுப்பார், ஒரு நாள் அங்க குடுப்பார்" என்றாள் துருவி. "அக்கா, யாரு இந்த எண்ணைப் போட்டது?"

அப்பா திருதிருவென்று விழித்தார்.

"நான்தான்" என்றார் மெதுவாக. "வைஃபை சரியா வரலைன்னு நானே ஒரு எண்ணைப் போட்டேன். பெட்டகம் இத்தனை வருஷமா நல்லா ஓடுதே, அதே எண்ணைப் போட்டா இதுவும் நல்லா ஓடும்னு நினைச்சேன்."

கணக்கு மாமா வாயைத் திறந்தார். துருவி அவரையே பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்பா எழுந்து அக்காவின் மேசைக்குப் போனார். "விசாரிக்காமலே உன் மேல பழியைப் போட்டுட்டேன். மன்னிச்சுக்கோம்மா. நாளைக்கு நீ கண்டிப்பா வரணும்."

அக்கா தலையாட்டினாள். டேப்புக்கு வேறு எண் போட்டுத் துருவியின் கையில் கொடுத்தாள். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள். "பைக்குள்ளேயே அணைச்சிருந்தா உன் மேல யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க. பெட்டகமும் திறந்திருக்கும். ஏன் எடுத்து வெச்சே?"

"பெட்டகம் திறந்திருக்கும்கா" என்றாள் துருவி. "நீங்க போயிருப்பீங்களே."