அம்புரோஸ் கிழித்த நாலு அட்டவணை

"சர்ர்ர்!"

தோசைக்கல்லில் மாவு விழுந்த சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரீனின் அண்ணன் அம்புரோஸ் காகிதம் கிழித்த சத்தம். ஒரு மாதத்துக்குள் அவன் கிழித்த நாலாவது அட்டவணை அது.

"இதுவும் போச்சா?" என்று கேட்டாள் ஐரீன்.

"போச்சு."

"ஏன்?"

"ஏனா? என் மண்டையில ஒண்ணியும் ஏறல. அதான்."

ஐரீனுக்குப் பத்து வயது. ஒரு நாளைக்கு நூறு 'ஏன்' கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இவ்வளவு பெரிய கப்பல் ஏன் முழுகவில்லை? ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குக்கு ஏன் கால் வலிக்கவில்லை? பதில் கிடைத்தாலும் விடமாட்டாள். அந்தப் பதிலுக்கும் ஒரு 'ஏன்' போடுவாள்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்றாவது வீடு அவர்களுடையது. வீடு என்றால் ஒரே ஓர் அறை. ஒரு பக்கம் தடுப்பு வைத்து அம்மா சமைப்பாள். அப்பா அருள்பிரகாசத்தைப் பிள்ளைகள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

இது நடந்தது 1969-ஆம் வருடம். கிண்டியில், மான்கள் திரியும் காட்டுக்குள், பத்து வருடத்துக்கு முன்புதான் பெரிய பொறியியல் கல்லூரி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் படிக்க வேண்டும் என்று அம்புரோஸுக்கு ஆசை. நைனா ஓட்டும் கிரேனில் உட்கார்ந்தால் முதுகு ஒடிந்துவிடும். முதுகு வலிக்காத கிரேன் ஒன்றைத் தானே செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

ஆனால் அந்தக் கல்லூரியில் சும்மா சேர்க்க மாட்டார்கள். இந்தியா முழுவதிலும் இருந்து பிள்ளைகள் வந்து எழுதும் நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு. போன வருடம் அம்புரோஸ் எழுதினான், கிடைக்கவில்லை. கணக்கில் நல்ல மார்க்குதான். வேதியியல் காலை வாரிவிட்டது.

"ஒரு வருஷம் வூட்ல குந்தி படி. மே மாசம் இன்னொரு தபா எழுது" என்று நைனா சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் இந்த அட்டவணை. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாளுக்கும் கோடு போட்டு, கட்டம் கட்டி, எந்த மணிக்கு எந்தப் பாடம் என்று எழுதுவான். படித்த கட்டத்துக்கு ஒரு 'சரி' போடுவான். படிக்காத கட்டத்துக்குப் பெருக்கல் குறி. வார முடிவில் பார்த்தால் வேதியியல் கட்டங்கள் எல்லாம் பெருக்கல் குறியாகவே இருக்கும். உடனே "சர்ர்ர்!"

இந்தத் தடவை வார முடிவுகூட வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கிழித்துவிட்டான்.

"போதும் ஐரீனு. நைனாகிட்ட சொல்லி ஒர்க்‌ஷாப்புல வேலைக்குச் சேர்ற பாரம் வாங்கி வெச்சிட்டேன். ஞாயித்துக்கெயம பூச முடிஞ்சி வந்து கையெழுத்து போட்டுடப் போறேன். பரிச்சையும் வாணாம், கிண்டியும் வாணாம்."

"அப்ப உன் கிரேனு?"

அம்புரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண் கலங்கியதை ஐரீன் பார்த்துவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகையோடு கூடவே ஒரு 'ஏன்' எட்டிப் பார்த்தது.

ஓடுகிற கூட்ஸ் வண்டியின் பெட்டி எண்களை எல்லாம் மனசிலேயே கூட்டிச் சொல்கிறவன் அண்ணன். அவன் மண்டையில் வேதியியல் மட்டும் ஏன் ஏறவில்லை?

அடுப்புப் பற்றவைப்பதற்காக அம்மா பழைய காகிதங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அந்தக் கட்டில் தேடினாள் ஐரீன். கிழிந்த நாலு அட்டவணையும் இருந்தன. சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினாள். காய்ந்ததும் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தாள்.

முதல் தாள்: வேதியியல், காலை ஆறு மணி. எல்லாம் பெருக்கல் குறி.

இரண்டாவது தாளில் வேதியியலை மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றியிருந்தான். அங்கேயும் பெருக்கல் குறி. மூன்றாவதில் சாயங்காலம் ஐந்து மணி. அதிலும் அப்படித்தான்.

நாலாவது தாளைப் பார்த்ததும் ஐரீன் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வேதியியல், காலை ஆறு மணி! முதல் தாளில் இருந்தது அப்படியே திரும்ப வந்திருந்தது.

"இன்னாடி அது, தரையெல்லாம் காயிதம்?" என்றாள் அம்மா.

"அண்ணன் சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வந்துகீதும்மா."

"யாரு? எங்க போயி சுத்துனான்?"

ஐரீனுக்கு இப்போது ஆயிரம் வேலை இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. காலை ஆறு மணிக்கு அம்புரோஸ் பழக்க தோஷத்தில் வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஐரீன் போர்வைக்குள் இருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். கணக்கு, இயற்பியல் எல்லாம் அம்புரோஸுக்குக் கையில் பென்சில் இருந்தால் போதும். ஆங்கிலத்தைக் கண்ணாலேயே படித்துவிடுவான். வேதியியலுக்கு மட்டும் வாய் வேண்டும். கோயிலில் மன்றாட்டுமாலை சொல்கிற ராகத்தில் உரக்கப் பாடித்தான் படிப்பான். "சல்பூரிக் ஆசிட்டேஏஏ" என்று அவன் இழுத்தால், ஐரீன் வேண்டுமென்றே, கோயிலில் கூட்டம் பதில் சொல்வதுபோல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பாள். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு வருவாள்.

அன்று அம்புரோஸ் வாயைத் திறந்தான். அறையின் மறுகோடியில் நைனாவின் குறட்டை கேட்டது. அம்புரோஸ் வாயை மூடிக்கொண்டான். பக்கத்தைப் புரட்டினான். மறுபடி திறந்தான், மூடினான். பத்து நிமிடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஐரீன் பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணே, ஏன் பாடாம நிறுத்திட்டே?"

"நான் எங்க நிறுத்தினேன்? படிச்சிக்கினுதான இருந்தேன். ஏறல."

அண்ணன் பொய் சொல்கிறவன் இல்லை. தான் நிறுத்தியது அவனுக்கே தெரியவில்லை!

அப்போது மீன்கூடையோடு பவுனம்மாள் அக்கா சந்துக்குள் வந்தாள். அவள் "வவ்வாலு மீனேய்!" என்று கத்தினால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்காரனே எட்டிப் பார்ப்பான். அந்தப் பவுனம்மாள், மூன்றாவது வீட்டு வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "வவ்வாலு... வவ்வாலு..." என்று ரகசியம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு கடந்தாள். நாலாவது வீட்டுக்குப் போனதும் மறுபடி கத்தினாள்.

"யக்கா, எங்க வூட்டாண்ட மட்டும் ஏன் மெதுவா கூவுற?"

பவுனம்மாள் திகைத்து நின்றாள். "மெதுவாவா கூவுனேன்? ஆமால்ல! உங்க நைனா தூங்கிக்கினு இருப்பாரே. கிரேன்ல குந்துற ஆளு கண்ணு சொருகிச்சுன்னா கீழ நிக்கிறவன் தலைல மூட்ட வியுந்துடும். இந்தச் சந்தே அவர் தூங்கசொல்ல கம்முனுதான இருக்கும். நான் வாக்கப்பட்டு வந்த நாளா அப்டித்தான்."

ஐரீனுக்கு உள்ளே ஏதோ 'டக்' என்று திறந்தது. வீட்டுக்குள் ஓடினாள்.

"அம்மா! நைனாவுக்கு இந்த வாரம் இன்னா ஷிப்ட்டு?"

"மதிய ஷிப்ட்டு. ரெண்டு மணிக்குப் போயி ராவு பத்தர மணிக்கு வர்றாரு. காலீல ஒம்போது வரிக்கும் தூங்குறாரு. இத்தகூடப் பாக்கலியா நீ?"

"போன வாரம்?"

"கால ஷிப்ட்டு. ரெண்டர மணிக்கு வந்து துன்னுட்டு, ஆறு மணி வரிக்கும் தூங்குனாரு."

"அதுக்கு முந்தி?"

"நைட்டு. காலீல எட்டு மணிக்குப் படுத்தா நாலு மணிக்குத்தான் எந்திரிப்பாரு. அதுக்கு முந்தி மறுக்கா மதியம். மூணு வாரத்துக்கு ஒரு தபா வண்டி திரும்பி வரும். ஏன்டி பேஜார் பண்றே?"

ஐரீன் பென்சிலை எடுத்தாள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அந்த வார ஷிப்ட்டை எழுதினாள். முதல் தாள், மதிய ஷிப்ட்டு: காலை ஆறுக்கு வேதியியல், நைனா தூக்கம். இரண்டாவது, நைட் ஷிப்ட்டு: மத்தியானம் மூன்றுக்கு வேதியியல், நைனா தூக்கம். மூன்றாவது, காலை ஷிப்ட்டு: சாயங்காலம் ஐந்துக்கு வேதியியல். அப்போதும் நைனா தூக்கம்!

அண்ணன் என்ன செய்திருக்கிறான் என்று இப்போது புரிந்தது. வாரம் முடிந்ததும், அந்த வாரத்தில் எந்த நேரம் வீட்டில் சத்தம் போட முடிந்ததோ, அந்த நேரத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்திருக்கிறான். அடுத்த வாரம் நைனாவின் தூக்கம் சரியாக அங்கே வந்து படுத்துக்கொண்டது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஐரீன் எங்கும் விளையாடப் போகவில்லை. கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். அம்மா பார்த்துவிட்டு, "தோடா! இவளும் பரிச்சைக்குப் போறாளா இன்னா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். நைனா பெட்டியில் இருந்து பாரத்தை எடுத்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"நல்லா ரோசன பண்ணிட்டியா அம்புரோசு?"

"பண்ணிட்டேன் நைனா." அம்புரோஸ் பேனாவைத் திறந்தான்.

"இருண்ணே!" ஐரீன் பாரத்துக்கும் பேனாவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு அஞ்சே நிமிசம். அதுக்கப்புறம் நீ கையெழுத்து போட்டுக்க."

நாலு தாளையும் பரப்பினாள். ஓரத்தில் எழுதியிருந்த ஷிப்ட்டைக் காட்டினாள். அம்புரோஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தான். முதல் தாளையும் நாலாவது தாளையும் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தான். அவன் காது சிவந்துவிட்டது.

"அட, ஆமா! நான் வாயத் தொறக்கவே இல்லியே!"

நைனா தாள்களை உற்றுப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்ததும் முகம் இன்னும் சுருங்கியது.

"அப்ப என் தூக்கத்தாலதான் புள்ள படிப்பு கெட்டுதா? பதினாறு வருஷமா மாடு மாதிரி தூங்கிக் கெடந்திருக்கேனே. நாளையிலேந்து நான் கோயில் மண்டபத்துல படுத்துக்கறேன்."

"வாணாம் நைனா!" என்று அம்புரோஸ் பதறினான். "உன் முதுகு வலிக்கக் கூடாதுன்னுதான நான் கிரேனே செய்யணும்னேன்! நீ போயி கல்லுத் தரையில படுப்பியா?"

"நைனா, நீ தூங்குறது தப்பே இல்ல" என்றாள் ஐரீன். "நீ எப்பத் தூங்குறன்னு அட்டவணைக்குத் தெரியல. அதான் தப்பு. அண்ணன் ஏழு நாளைக்குப் போட்டான். நம்ம வூட்டுக்கு ஒரு வாரம்னா இருவத்தோரு நாளு."

பாயின் அடியில் இருந்து தன் தாளை எடுத்தாள். மூன்று வாரம், மூன்று வரிசை. முதலில் நைனாவின் தூக்கத்தை எல்லாம் நீலப் பென்சிலால் தீட்டியிருந்தாள். நீலத்துக்குள் கணக்கு, இயற்பியல், ஆங்கிலம். நீலம் இல்லாத இடத்தில் வேதியியல்.

அம்புரோஸ் விரல் விட்டு எண்ணினான். "மே மாசம் வரிக்கும் பன்னண்டு வாரம் கீது. அப்டீன்னா இது நாலு சுத்து வரும்." குரலில் தெம்பு வந்திருந்தது. "முடிச்சிடலாம் ஐரீனு. புக்கு பூராவும் முடிச்சிடலாம்!"

நைனா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நீலக் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு ஒரு கட்டத்தில் விரலை வைத்து, "இது ராங்கு" என்றார்.

ஐரீனுக்குத் திக்கென்றது. "எது நைனா?"

"நைட் ஷிப்ட்டு வாரத்துல எட்டு மணிக்குத் தூக்கம்னு போட்டுகீறே. நாஸ்டா துன்னுட்டு எட்டரைக்குத்தான் நான் சாய்வேன். உங்கம்மாவக் கேளு. அந்த அர மணி நேரத்துல இவன் இன்னும் ஒரு பாட்டுப் பாடலாம்."

அம்மா சிரித்துவிட்டாள். அம்புரோஸும் சிரித்தான்.

நைனா வேலைப் பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "நல்ல கெட்டிக் காயிதம்" என்று சொல்லி ஐரீனிடம் நீட்டினார். "இதுல தப்பில்லாம திருப்பிப் போடு. செவுத்துல ஒட்டலாம்."

திங்கட்கிழமை. நைட் ஷிப்ட்டு வாரம் தொடங்கியது.

மறுநாள் காலையில் நைனா வேலை முடிந்து வந்தார். குளித்து, இட்லி சாப்பிட்டு, எட்டரை மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் பாயில் சாய்ந்தார். அதுவரைக்கும் அம்புரோஸ் தொண்டை வலிக்க வேதியியல் பாடினான். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் பென்சிலை எடுத்து, சத்தமில்லாமல் கணக்குப் போட ஆரம்பித்தான்.

பைக்கட்டைத் தோளில் மாட்டிக்கொண்ட ஐரீன், பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். நீலக் கட்டத்தில் நைனா சரியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு 'சரி' போட்டுவிட்டு ஓடினாள்.