பதினாறாவது பதிவு

"ஐயோ...!"

ஏழாவது மாடிப் படிக்கட்டிலிருந்து வந்த அலறலில் அந்தக் கட்டடமே ஒரு முறை குலுங்கியது.

தரை துடைக்கும் அம்மா வாளியை உருட்டிவிட்டு ஓடி வந்தாள்.

"பஞ்சர் சார்... பஞ்சர் சார் படியில கிடக்கறாரு!"

மணி எட்டு நாற்பது.

துடைப்பம் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

துடைப்பம் என்பது ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர். அந்த சோஷியல் மீடியா கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஆறு வருடம். ஊரில் உள்ளவர்கள் போடும் ஆபாசம், வெட்டுக்குத்து, பொய், புரளி அத்தனையையும் பார்த்துப் பார்த்துக் கூட்டித் தள்ளுகிற வேலை.

படி திரும்புகிற இடத்தில் பஞ்சர் மல்லாந்து கிடந்தார். தலைமை இன்ஜினியர். கம்பெனியில் எது ஓட்டை விழுந்தாலும் ஒட்டுப் போடுகிறவர் என்பதால் பஞ்சர். நாலு வருடமாக எதிர் மேஜையில் உட்கார்ந்து, தினமும் இவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்த மனிதர்!

அவரைப் பார்த்ததும் அவள் மனசு என்ன சொன்னது தெரியுமா?

'ரத்தம்... அசைவில்லை... சிறுவர்கள் பார்க்கக் கூடாத வகை. நீக்கு.'

அவ்வளவுதான்!

அழுகை வரவில்லை. தினமும் ஐம்பது பிணம் பார்க்கிறவளுக்கு இது ஐம்பத்தோராவது. உள்ளே எதுவோ மரத்துப்போய்விட்டது. அது மட்டும்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

*

இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே டாக்டர்.

"தவறி விழுந்தாரா டாக்டர்?"

"சட்டையில ரெண்டு பட்டன் பிஞ்சிருக்கு. மார்புல கை வெச்சுத் தள்ளின மாதிரி இருக்கு. விழுந்தது ஏழரை வாக்குல. ஆனா உடனே உயிர் போகல சார்... எட்டேகால் வரைக்கும் மூச்சு இருந்திருக்கும்."

"அடப்பாவமே... யாரும் பார்க்கலையா?"

"எல்லாரும் லிஃப்ட்ல போறாங்க. படியில யார் வர்றா?" என்றான் வாட்ச்மேன்.

இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"கேமரா?"

"இருக்கு சார்."

"அப்ப எடுத்துப் போடு!"

"கேமரா இருக்கு... அதைப் பார்த்துக்கறவங்க இல்ல சார். புது முதலாளி வந்த முதல் வாரமே அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டார். அதுலேர்ந்து அது ஓடல."

மூன்று மாதம் முன்பு கம்பெனியை வாங்கியவர் புது முதலாளி. உலகப் பணக்காரர்களில் ஒருவர். வந்த அன்றே இருநூறு இன்ஜினியர்களைப் பதினொரு பேராக்கினார். புகார்ப் பிரிவில் நாற்பது பேரை மூன்று பேராக்கினார்.

வீட்டுக்குப் போனவர்களில் ஒருவன் துடைப்பத்தின் தம்பி. அந்த லிஸ்ட்டை எல்லார் முன்னாலும் படித்தவர் பஞ்சர்.

"காலையில வெளியாள் யாராவது வந்தாங்களா?"

வாட்ச்மேன் நோட்டைப் புரட்டினான். துடைப்பத்தைக் கை காட்டினான்.

"இந்தக்காவோட தம்பி சார். ஏழு அஞ்சுக்கு உள்ள... ஏழு முப்பதுக்கு வெளிய."

இன்ஸ்பெக்டர் பஞ்சரின் போனை எடுத்தார். நேற்று வந்திருந்த மெசேஜைச் சத்தமாகப் படித்தார்.

"லிஸ்ட்டில் என் பெயரை எழுதின கையை உடைக்காமல் விடமாட்டேன்."

அனுப்பியவன்... தம்பி!

*

எதிர் டீக்கடையிலேயே பிடித்துவிட்டார்கள்.

"அக்கா! நான் சண்டை போடத்தான் வந்தேன். ஒத்துக்கறேன். ஆனா அவரைப் பார்த்தா... அவரே அழறாருக்கா! 'உன் பேரை நான் எழுதலடா, எழுதிக் குடுத்ததைப் படிச்சேன்'னாரு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. திரும்பி வந்துட்டேன்."

"யார் எழுதிக் குடுத்தாங்கன்னு சொன்னாரா?"

"கேக்கறதுக்குள்ள அவருக்கு ஒரு போன். மேலேர்ந்து கூப்பிடறாங்கன்னு வழக்கம்போலப் படிப்பக்கம் போனாரு. சத்தியமா நான் இல்லக்கா..."

துடைப்பம் அவன் காதைப் பார்த்தாள். அப்பா செத்த பிறகு அவள் சம்பளத்தில் படித்தவன். பொய் சொன்னால் காது சிவக்கும். காது சிவக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் சார்... என் தம்பி கோபக்காரன். கொலைகாரன் இல்ல."

"எல்லா அக்காவும் இதைத்தாம்மா சொல்றாங்க." இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டார். "மேலேர்ந்து வந்த போன் ஆபீஸ் போன். ஒன்பதாவது மாடியில யார் வேணா பண்ணியிருக்கலாம். உங்ககிட்ட சாட்சி இருந்தா கொண்டு வாங்க. பத்து மணிக்கு இவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். அப்புறம் கோர்ட்டுதான்."

மணி ஒன்பது இருபது!

லிஃப்ட் திறந்தது. முதலாளி இறங்கினார். பின்னால் நிழல்போல் செகரட்டரி. ஃபைல், பேனா, குனிந்த தலை.

"நான் ஒன்பதாவது மாடி ஜிம்ல இருந்தேன். இவன் என் ரூம்ல இருந்தான்," என்றார் முதலாளி. "சீக்கிரம் முடிங்க. பத்து மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கு. செத்தவரோடதான் மீட்டிங். இப்ப வேற ஆளைப் பார்க்கணும்."

*

துடைப்பம் தன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

தம்பிக்கு விலங்கு. ஆனாலும் விரல் தானாகப் போய் வேலையைத் தொடங்கியது. செக்குமாட்டுக்குக் கண்ணைக் கட்டாவிட்டாலும் சுற்றத்தான் தெரியும்.

பக்கத்து சீட்டில் கொட்டாவி. புகார்ப் பிரிவில் மிஞ்சிய மூவரில் ஒருவன். பேருக்கு ஏற்ற மாதிரி ஒன்று விட்டான்.

"இன்னிக்கு வர்ற புகார் பூரா முதலாளி மேலதான். பார்த்தியா?"

"என்னவாம்?"

"நாள் முழுக்கப் போட வேண்டிய பதிவெல்லாம் எட்டு மணிக்கே ஒரே மூச்சுல கொட்டிடுச்சு. குட்மார்னிங்... மதியத்து ஜோக்கு... சாயங்காலத்துத் தத்துவம்... குட்நைட் வரைக்கும்! ஜனங்க கிழிகிழின்னு கிழிக்கறாங்க."

"ஏன் அப்படி ஆச்சு?"

"பஞ்சர் சார் இல்லையே! டைம் வெச்சு அனுப்பற மெஷின் கோளாறு புடிச்சது. அதை எழுதினவங்களைத்தான் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே. தினம் எட்டு மணிக்கு முன்னாடி இவர்தான் போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாரு. ஒரு நாள் விட்டாலும் வரிசையில நிக்கறது மொத்தமா வெளிய ஓடி வந்துடும்."

துடைப்பத்தின் விரல் நின்றது.

"எத்தனை பதிவு?"

"வரிசையில பதினாறு நின்னிருக்கு. ஆனா முதலாளி பக்கத்துல பதினஞ்சுதான் இருக்கு."

"பதினாறாவது?"

"யாரோ நீக்கியிருக்காங்க. எட்டு மூணுக்கு. ஊழியர் நம்பர்..." கொட்டாவி பாதிக் கொட்டாவியை விழுங்கினான். "உன் நம்பர்!"

அவளுக்கு உடனே ஞாபகம் வரவில்லை!

புகார் வந்தால் பதிவு மட்டும்தான் திரையில் வரும். போட்டவர் பெயர் வராது. பாரபட்சம் கூடாதென்று பழைய நிர்வாகம் செய்த ஏற்பாடு. ஒரு பதிவுக்கு மூன்று விநாடி. 'ஆழ்ந்த இரங்கல்' என்று தொடங்கியது. கீழே யாரோ ஒருவரின் புகார்: 'நேத்து ராத்திரிகூட இவர் என்னோட பேசினார். பொய்ச் செய்தி.' உயிரோடு இருப்பவர்களைச் சாகடிக்கும் புரளி தினமும் இருபது வரும். முதல் வரிக்கு மேல் யார் படிப்பார்கள்?

ஒரே அழுத்து. நீக்கியாயிற்று.

நீக்கியதை முப்பது நாள் குப்பையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவள் குப்பையைக் கிளறினாள்.

வந்தது!

'ஆழ்ந்த இரங்கல். நம் தலைமை இன்ஜினியர் இன்று காலை படியில் தவறி விழுந்து மறைந்தார். என் வலது கையை இழந்து நிற்கிறேன்.'

வெளியிட வேண்டிய நேரம்: 10.00.

எழுதிய நேரம்... 6.52!

ஏழரைக்கு விழுந்தவருக்கு ஏழு மணிக்கு முன்பே இரங்கல்! தம்பி கட்டடத்துக்குள் காலே வைக்காத நேரம்!

அவள் பாய்ந்து எழுந்தாள். அப்படியே நின்றாள்.

எட்டு மூன்று...

'எட்டேகால் வரைக்கும் மூச்சு இருந்திருக்கும்.'

மூன்று விநாடிக்குப் பதில் பத்து விநாடி படித்திருந்தால்... முப்பது அடி தூரத்தில்தான் படிக்கட்டு. அவர் அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரை நீக்கிக்கொண்டிருந்தாள்.

அழுகை அப்போதும் வரவில்லை. அந்தப் பதிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

*

மணி ஒன்பது ஐம்பது. இன்ஸ்பெக்டர் பிரிண்ட்டை இரண்டு முறை படித்தார்.

"சார், இது உங்க கணக்கு. நீங்க எழுதினதா?"

முதலாளி பிரிண்ட்டை வாங்கிப் பார்த்தார்.

போன வாரம்தான் மேடையேறி முழங்கியிருந்தார். 'என் பதிவில் ஒவ்வொரு எழுத்தும் என் விரல் போட்டது! மற்ற பணக்காரர்கள் மாதிரி ஆள் வைத்து எழுத மாட்டேன்!' கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அந்தக் கைதட்டலை நம்பித்தான் கம்பெனியையே நடத்திக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார். நீங்கதான் எழுதினீங்களா?"

"அது... வந்து... என் பதிவை... நான்தான்..."

"கையை நீட்டுங்க."

விலங்கைப் பார்த்ததும் மானம் பறந்தது!

"இல்ல! நான் எழுதல! ஒரு வரிகூட நான் எழுதினதில்ல! எனக்கு அந்தப் பாஸ்வேர்டே தெரியாது! எல்லாம் இவன்தான்... செகரட்டரிதான்!"

எல்லாத் தலையும் திரும்பியது.

செகரட்டரி ஃபைலை மேஜைமேல் ஒழுங்காக வைத்தான். பேனாவை மூடினான்.

"பழக்கதோஷம் சார்," என்றான் சலனமில்லாமல். "அன்னன்னிக்கு வேண்டியதை விடியறதுக்குள்ள எழுதி வரிசையில நிறுத்திடுவேன். பிறந்தநாள், ஜோக்கு, தத்துவம்... இதையும் அந்தக் கையோட நிறுத்திட்டேன்."

"ஏன்யா கொன்ன?"

"இருபது கோடி பேர் இருக்காங்கன்னு சொல்லித்தான் இந்தக் கம்பெனியை இவர் தலையில கட்டினேன். பஞ்சர் உட்கார்ந்து எண்ணிட்டான். அதுல பன்னெண்டு கோடி ஆளே இல்லாத பொம்மைக் கணக்கு. பத்து மணி மீட்டிங்ல சொல்லிடுவேன்னான்."

"எட்டு மணிக்கே இரங்கல் வெளிய போனது தெரியலையா?"

"பார்த்தேன். பதினஞ்சுதான் இருந்தது. இது மட்டும் தப்பிச்சுதுன்னு நினைச்சேன். நீக்கிட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்க யாராவது ஒழுங்கா வேலை பாப்பாங்கன்னு நான் எதிர்பார்க்கல."

தம்பியின் விலங்கு செகரட்டரி கைக்கு மாறியது. லிஃப்ட் மூடியது.

"அக்கா..." தம்பி அவள் தோளில் முகம் புதைத்துக் குழந்தைபோல் விசும்பினான். அவள் அவன் தலையைத் தடவினாள். அவனாவது அழட்டும் என்றிருந்தது. அவளுக்கும் சேர்த்து.

"ஒரு நிமிஷம்!"

முதலாளியின் குரல். மானம் போன மனிதருக்குக் கோபமாவது மிச்சமிருந்தது.

"என் பதிவை நீக்கினது யாரு?"

"நான்தான் சார்."

"முதலாளி பதிவைத் தொட்டா வேலை காலின்னு ஆர்டர் போட்டிருக்கேனே, தெரியாது?"

"தெரியும் சார்."

"அப்ப கிளம்பு. உன்னை டிஸ்மிஸ் பண்றேன்!"

தம்பி கொதித்தான். "யோவ்! எங்கக்கா இல்லன்னா..."

"விடுடா." துடைப்பம் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "கிளம்பறேன் சார். டிஸ்மிஸ் ஆர்டரை மட்டும் எழுத்துல குடுத்துடுங்க."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அவசரமில்ல சார்," என்றாள் அவள். "உங்களுக்கு எழுதறவருக்கு ஜாமீன் கிடைச்சதும் வந்து வாங்கிக்கறேன்!"