மூன்றாம் குகையில் சாப்பாட்டு வேளை

வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைகிறவர் முதலில் மேல்சட்டையைக் கழற்றிப் பிழிப்பானில் போட வேண்டும். செவ்வாயின் மூன்றாம் குகையில் அதுதான் முறை. பிழிப்பான் சட்டையிலிருக்கிற வேர்வையை வடித்து, காய்ச்சி, சுத்தம் செய்து அடுப்படிக் குழாயில் விடும். அன்றைய ரசம் அந்தத் தண்ணீரில்தான். யாரும் முகம் சுளிப்பதில்லை. நன்றாக உழைத்தவர் வீட்டில் ரசம் தாராளமாக இருக்கும், அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த கோசலைக்கு முதல் வாரம் அந்த ரசம் இறங்கவில்லை. அப்புறம் இறங்கிவிட்டது. பசித்த வயிறு எத்தனை நாளைக்கு வீம்பு பிடிக்கும்? அவளுக்குக் கடைசிவரை பழகாதது வேறொன்று.

அவளைக் கொண்டுவந்தது பிள்ளைமாற்றுத் திட்டம். இங்கிருந்து ஒரு பிள்ளை பூமிக்குப் போய்ப் படிக்கும். அது எந்த வீட்டில் தங்குகிறதோ, அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து இதன் வீட்டில் தங்கும். 'உங்களுக்காக இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது' என்று விளம்பரத்தில் நாலு பேர் பல்லைக் காட்டினார்கள். அப்படிப் பல்லைக் காட்டுகிறவர்களை நம்பக் கூடாது. பத்தொன்பது வயதில் அதெல்லாம் யாருக்குத் தெரிகிறது? பாறையில் பயிர் வளர்க்கிற படிப்புக்கு இடம் கிடைத்ததும் கோசலை கிளம்பிவிட்டாள். கப்பல் ஏறும்போதே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செவ்வாயில் அது வேலை செய்யாதாம். உண்மையோ பொய்யோ, வாங்கிக்கொண்டது உண்மை. மாதம் ஒரு கடிதம் அனுப்பலாம். அம்மாவின் பதில் மூன்று வரிக்கு மேல் வந்ததில்லை.

அவள் தங்கிய வீட்டுக்காரர் தங்கப்பழம், நீரேற்று நிலையத்தில் வேலை. மனைவி அனந்தாயி காளான் அறையில். அவர்களுடைய ஒரே மகள் பவளக்கொடி, கோசலை நடுவழியில் இருக்கும்போதே அருப்புக்கோட்டையில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது இருவரும் கை கழுவிவிட்டு அலமாரியிலிருந்து ஆளுக்கொரு கறுப்புத் தகடு எடுத்துக்கொள்வார்கள். அதை இடது கையில் பிடித்துத் தலையைக் குனிந்தால் சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிர்வதில்லை. கட்டைவிரல் மட்டும் தகட்டில் மேலும் கீழும் போய்வரும். சில சமயம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற கோசலைக்குத் தெரிவது தகட்டின் முதுகு மட்டும்.

முதல் நாள் அவள் காளான் பொரியல் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். இருவரும் திருடும்போது பிடிபட்டவர்களைப் போல நிமிர்ந்து, "ம்ம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள். பத்து நாள் அவளும் ஏதேதோ பேசிப் பார்த்தாள். பத்து நாளும் அதே "ம்ம்". பிறகு விட்டுவிட்டாள். அடுப்படிக்குள் அவர்கள் இரண்டு பேரும் கிசுகிசுத்துச் சிரிப்பது காதில் விழும். அவள் காலடி கேட்டதும் சிரிப்பு நின்றுபோகும். அறைக்குத் திரும்பி, மண் மாதிரிகளின் பெயர்களைத் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள், தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

தொண்ணூறாம் நாள் ஊர் திரும்புவதற்கான விண்ணப்பத்தை எழுதினாள். இந்தப் பருவத்தில் பூமிக்குப் போகிற கடைசிக் கப்பல் இன்னும் நாலு நாளில். அதை விட்டால் இரண்டு வருஷம் கழித்துத்தான். போனால் படிப்பு இடம் போயிற்று. தங்கியிருக்கிற வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும்.

சாப்பிட உட்கார்ந்ததும் விண்ணப்பத்தைத் தங்கப்பழத்தின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். படித்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. பேனா எடுப்பதற்காகக் கையிலிருந்த தகட்டை மேசைமேல் வைத்தார்.

அதில் வெளிச்சம் இல்லை, எழுத்து இல்லை. வழவழவென்று இழைத்த கருங்கல் வில்லை.

"என்ன மாமா இது?"

"கல்லு தாயி. நிலையத்துச் சாணைக் கல்லுல தேச்சு எடுத்தேன்."

"அப்ப மூணு மாசமா இதையா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"பாக்காம? நீ வீட்டு ஞாபகத்துல ஏங்கிப் போயிறக் கூடாதுல்ல."

அனந்தாயி உள்ளே போய், மகளிடமிருந்து வந்த முதல் கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். கோசலை படித்தாள்.

'அம்மா, இங்க எல்லாரும் நல்லவுகதான். ஆனா சாப்பிடும்போது ஆளுக்கொரு கறுப்புத் தகட்டைக் கையில வச்சு அதையே பாத்துக்கிட்டு இருக்காக. பேச்சுக் குடுத்தா பாவம், திடுக்குனு முழிக்காக. நானும் வாயை அடக்கப் பழகிட்டேன். அந்தப் பொண்ணு கோசலையும் இப்படித்தான் வளந்திருக்கும். நீயும் அப்பாவும் தொணதொணன்னு பேசி அதைப் பயமுறுத்திறாதீக.'

அந்த மேசையைக் கோசலைக்குத் தெரியும். அம்மா, அப்பா, தம்பி, நாலாவதாக அவள். அங்கே அவள் கையிலும் ஒன்று இருந்தது. அதனால் யாரும் பேசாதது அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

"எனக்குப் பேசாம இருக்க முடியாது கோசல," என்றாள் அனந்தாயி. "வாயக் கட்டி வச்சு வயித்து வலியே வந்துருச்சு. இந்த மனுசன்கிட்ட அடுப்படிக்குள்ள ரெண்டு வார்த்தை பேசித்தான் உசுரோட இருக்கேன். உனக்குப் பேச்சுப் பிடிக்காதுன்னு நெனச்சோமே."

கோசலை விண்ணப்பத்தை இழுத்து நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தங்கப்பழம் மூச்சு விட்டார். அனந்தாயி இரண்டு கற்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலியைக் கோசலைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். மூன்று மாதக் கேள்வி மொத்தமும் வந்தது. வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறாள், வாத்தியார் சிடுமூஞ்சியா, முதல் வாரம் அழுதாளா, அவளுக்கு என்ன ஆசை, எதற்குப் பயம். கேட்டுவிட்டு இருவரும் பதிலுக்காக அவள் கண்ணையே பார்த்தபடி காத்திருந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் இதற்கு முன் யாரும் அவள் கண்ணை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கழுத்து வேர்த்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம். சொல்ல நிறைய இருந்தது, நாக்கு எழவில்லை. இடது கைக் கட்டைவிரல் மேசை விளிம்பைத் தானாகத் தேய்க்க ஆரம்பித்தது.

"மாமா," என்றாள் மெல்ல. "அந்தக் கல்ல கொஞ்சம் குடுங்களேன்."

அவர் கொடுத்தார். கோசலை அதை இடது கையில் பிடித்து, தலையைக் குனிந்து, அதைப் பார்த்துக்கொண்டே முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள்.