காணாமல் போன நடுத்தாள்

காலை 10.20.

பல் டாக்டர் சின்ன ரம்பத்தைக் கையில் எடுத்தார். எதிரே மேஜையில் இருந்தது பல் அல்ல, ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கண்ணாடி போலத் தெளிவாக, விரல் தடிமன்கூட இல்லாத பெட்டி. உள்ளே ‘ஏழாம் கப்பல்’ காமிக்ஸின் ஒன்பதாவது இதழ். பெட்டியின் மேல்பகுதியில் ஒரு சீட்டு: தராசு நிறுவனம், மதிப்பெண் பத்துக்கு எட்டரை, பக்கங்கள் முழுமை.

பழைய காமிக்ஸ் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று மதிப்பெண் போட்டு இப்படிப் பெட்டிக்குள் மூடிக் கொடுப்பார்கள்; பெட்டியை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. காமிக்ஸ் சேகரிப்பவர்கள் கேள்விப்பட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் டாக்டருடைய அண்ணனுக்கு அடுத்த வாரம் கண் ஆபரேஷன். அதற்கு முன்னால் இந்தக் கதையை ஒருமுறை படித்தே தீர வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷம்.

பெட்டி பிளந்தது. அண்ணன் ஆசை ஆசையாகப் பக்கங்களைப் புரட்டினார். பாதியில் நின்றார்.

“என்னடா இது? தலைவன் கயித்துல தொங்கிட்டிருந்தான். அடுத்த பக்கத்துலயே வீட்டுல உட்கார்ந்து தலை துவட்டிட்டிருக்கான்.”

டாக்டர் எண்ணினார். அட்டையையும் சேர்த்து முப்பத்தாறு பக்கம் இருக்க வேண்டும். முப்பத்திரண்டுதான் இருந்தது. நடுவில் மடித்துப் பின் அடித்த, நான்கு பக்கம் கொண்ட நடுத்தாளைக் காணோம்.

மூன்று நாள் கழித்து, பிற்பகல் 2.10.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் காமிக்ஸைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: பரீட்சை நேரத்தில் அவர் மகன் அதைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிப்பான். இப்போது அதே சமாச்சாரம் புகாராக வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தது.

“மார்க் போடுற கம்பெனி மூணு இருக்குன்னு சொல்றீங்க டாக்டர். எல்லாரும் ஏன் தராசு தராசுன்னு உயிரை விடுறீங்க?”

“ஒரு கம்பெனி மூணே நாள்ல முடிச்சுக் குடுத்துரும் மேடம். இன்னொண்ணு யார் மனசும் கோணாம அரை மார்க் சேர்த்துப் போடும். தராசுல ஆறு மாசம் ஆகும். புத்தகம் யாரோடதுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. மூணு பேர் தனித்தனியா மார்க் போடுவாங்க. ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. அதுக்கும் முன்னாடி, பக்கம் எண்ணுறதுக்குன்னே ஒரு அம்மா. காமிக்ஸ் படிக்கிற பழக்கமே இல்லாதவங்களாப் பார்த்து வெச்சிருக்காங்க.”

“அது எதுக்கு?”

“தராசோட முதலாளி, தராசுக்காரர்னு சொல்லுவோம், அவர் போட்ட விதி. அவரைத்தான் கேக்கணும்.”

“அவங்க ‘முழுமை’ன்னு எழுதிட்டா?”

“கண்ணை மூடிட்டு வாங்குவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.”

இன்ஸ்பெக்டர் வீடியோவை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். ஏற்கெனவே ஒருமுறை பிரித்த பெட்டியின் ஓரம் வெள்ளையாக வெளுத்துப்போகும். இந்தப் பெட்டியின் ஓரம் பளிங்காக இருந்தது. அண்ணன் தம்பி இருவர் கையும் படத்தை விட்டு வெளியே போகவில்லை. ஆக, பெட்டியை மூடும்போதே உள்ளே நடுத்தாள் இல்லை. ஆனால் எண்ணும்போது இருந்ததாகத் தராசின் பதிவு சொல்கிறது. நடுவில் அந்தப் புத்தகத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்தவர் ஒருவர்தான்.

அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை மெஷினில் வைத்து மூடுகிறவர். தராசில் எல்லோரும் ‘மூடி’ என்றே கூப்பிடுவார்கள். தராசுக்காரருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவரைக் கையோடு அழைத்துவந்து ஒப்படைத்தவரும் தராசுக்காரர்தான். “எங்க வீட்டு ஆளுங்கிறதுக்காக மறைக்க மாட்டேன் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனிதருக்கு நேர்மையில்கூட அவ்வளவு அவசரம்.

பிற்பகல் 2.45.

“பத்து வருஷம் முன்னாடி திருட்டு சிடி வித்து மாட்டியிருக்கீங்க.”

“ஆமா மேடம். ஊரே மறந்தாலும் எங்க மாமா மறக்க மாட்டாரு.”

“இந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தீங்களா?”

“திறக்கவே கூடாது. வந்ததை அப்படியே உள்ள வெச்சு மெஷினை அமுக்கணும். அவ்வளவுதான் என் வேலை.”

“நீங்க எடுக்கலைங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?”

“செய்யாததுக்கு எங்க மேடம் போய் அத்தாட்சி வாங்குறது?” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அக்கா ரெண்டு நாளா என் போனை எடுக்கலை. மாமா பொய் சொல்ல மாட்டாருன்னு அவளுக்குத் தெரியும். அப்போ நான்தானே திருடன்.”

நாளைக் காலைக்குள் வழக்குப் பதிவு செய்தாக வேண்டும். ஒருமுறை சிடி விற்றவர் என்று பத்து வருஷம் பேச்சு வாங்கியவர், இனி சாகும்வரை புத்தகத்தைக் கிழித்தவர் என்று பேச்சு வாங்குவார். மூடி அழவில்லை. அழுதிருந்தால்கூட இன்ஸ்பெக்டருக்கு மனசு இவ்வளவு கனத்திருக்காது.

பிற்பகல் 3.30. தராசு நிறுவனம்.

கதவில்லாத மூன்று சின்ன அறைகளில் மூன்று விளக்குகள், ஒவ்வொரு விளக்குக்குக் கீழும் குனிந்த ஒரு தலை. நடுவில் தடுப்புச் சுவர்கள். பேச்சுக் குரலே இல்லை. முன்னறையில் எண்ணுகிற அம்மா. முன்பு மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளை எண்ணியவர்.

“இவ்வளவு புத்தகம் கையில வருது. ஒண்ணைக்கூட படிச்சதில்லையா?”

“எதுக்கு மேடம்? எங்க வீட்டுல ரெண்டு பொண்ணுங்க போடுற சண்டையே தினம் படமா ஓடுது.” பேசிக்கொண்டே ஒரு புத்தகத்தை எடுத்து நகத்தால் நுனிகளைத் தள்ளினார். “எனக்குத் தாள்தான் கணக்கு, ரெண்டு பக்கத்துக்கு ஒரு தாள். பதினெட்டு தாள் இருந்தா கம்ப்யூட்டர்ல தாள் பதினெட்டுன்னு அடிப்பேன். எந்தப் பக்கத்துல யாரு யாரை அடிச்சா எனக்கென்ன?”

“தப்பா எண்ணியிருக்கீங்களா?”

“இதுவரைக்கும் இல்லை. எண்ணியிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேன்.”

தராசுக்காரர் உள்ளறையில் இருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். இன்ஸ்பெக்டர் மேஜையில் அந்தப் புத்தகத்தை வைத்து நடுவில் விரித்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இரண்டு ஸ்டேப்ளர் பின்களின் கால்கள் மடங்கிக் கிடந்தன. அவற்றுக்கு அடியில், தாளில், பின்னின் கால் வடிவத்திலேயே பழுப்புத் துருக்கறை. அழுத்திய பள்ளமும் இருந்தது.

“இங்கதான் மேடம்” என்றார் தராசுக்காரர். சொல்லும்போதே முகம் மாறியது. “பதினேழாம் பக்கத்துல பேச்சே கிடையாது, வெறும் அலை. பதினெட்டும் பத்தொன்பதும் சேர்ந்து ஒரே படம். கப்பல் ரெண்டா உடையுது. இருபதாம் பக்கம் தலைவன் கயித்தைத் தானே அறுத்து விடுறான். கூட்டாளி பிழைக்கணும்னு.”

“பக்கத்துல நம்பர் அச்சடிக்கலையே?”

“எனக்கு எதுக்கு மேடம் நம்பர்? ஏழு வயசுல இருந்து படிக்கிறேன்.”

“எண்ணின பதிவைக் காட்டுங்க.”

அச்சடித்துக் கொடுத்தார். போன வருஷம், ஆறாம் மாதம் பதினான்காம் தேதி, காலை 11.40. பக்கம் 36. முழுமை.

“யார் எண்ணினதுன்னு பேர் இல்லையே.”

“எண்ணுறதுக்குன்னு வெச்சிருக்கிறதே ஒரு ஆள்தானே மேடம். அதனால பேர் போடுற இடமே வைக்கலை.”

இன்ஸ்பெக்டர் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதே காலத்துப் புத்தகம், முழுசா இருக்கிறது ஒண்ணு குடுங்க. அப்படியே வருகைப் பதிவேடும்.”

கொடுத்த புத்தகத்தை நடுவில் விரித்தார். பிறகு ஒரே ஒரு தாளைப் புரட்டி, அதற்கு அடுத்த தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். மூடி வைத்தார்.

“எல்லாரையும் அஞ்சு மணிக்குக் கூப்பிடுங்க. என் ஆளுங்க மூடியைக் கூட்டிட்டு வருவாங்க.”

மாலை 5.00.

முன்னறையில் நாற்காலி போதவில்லை. பல் டாக்டர், எண்ணுகிற அம்மா, தராசுக்காரர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூடி சுவரோரம் நின்றார். மாமா பக்கம் திரும்பவே இல்லை.

“முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்” என்றார் இன்ஸ்பெக்டர். “இங்க திருட்டே நடக்கலை.”

தராசுக்காரர் நிமிர்ந்தார்.

“பின்னோட கால் எப்பவும் நடுத்தாள் மேலதான் மடங்கியிருக்கும். காலம் போகப் போகத் துருப்பிடிச்சு, கறை நடுத்தாள்ல இறங்கும். அடுத்த தாள்ல வெறும் ஓட்டைதான் இருக்கும். முழுசா இருக்கிற புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, இப்போ பார்த்தேன். மூடி போன வருஷம் நடுத்தாளை உருவியிருந்தா, இந்தப் புத்தகத்துலயும் வெறும் ஓட்டைதான் தெரியணும். ஆனா பின்னோட கால் வடிவத்துல கறையும் பள்ளமும் இருக்கு. அந்தத் தாள் மேல பின் பல வருஷமா அழுத்திக் கிடந்திருக்கு. யாரோ ஒரு குழந்தை அந்தக் காலத்துலயே படத்தைக் கிழிச்சுச் சுவத்துல ஒட்டியிருக்கலாம். இங்க வரும்போதே நடுத்தாள் கிடையாது.”

“அப்போ எண்ணினது?” டாக்டர் கேட்டார். எல்லோரும் எண்ணுகிற அம்மாவைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சீட்டை அந்த அம்மாவிடம் நீட்டினார். “இது நீங்க அடிச்சதா?”

ஒரு பார்வைதான். “இல்லை மேடம். நான் தாள்னுதான் போடுவேன். பக்கம்னு போட்டதே இல்லை.”

“அன்னைக்கு நீங்க லீவு. பதிவேட்டுல இருக்கு.”

“ஆமா. சின்னவளுக்கு அம்மை போட்டிருந்துச்சு.”

“உங்க நாற்காலியில அன்னைக்கு வேற ஒருத்தர் உட்கார்ந்தாரு. இந்தக் கதையில ஒவ்வொரு பக்கமும் மனப்பாடமாத் தெரிஞ்ச ஒருத்தர்.” இன்ஸ்பெக்டர் திரும்பினார். குரலில் அதட்டல் இல்லை. “ஐயா, காமிக்ஸ் படிக்காதவங்கதான் எண்ணணும்னு எதுக்கு விதி போட்டீங்க?”

தராசுக்காரர் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“பிடிச்சுப் படிக்கிறவனால எண்ண முடியாதுன்னுதான். அன்னைக்கு வேலை தேங்கிடுச்சு. ஒரு நாள்தானேன்னு உட்கார்ந்தேன். அடுக்குல மேல இருந்தது இந்தப் புத்தகம். முதல் பக்கத்தைத் திறந்தேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “நான் எண்ணலை மேடம். படிச்சேன். கப்பல் உடையுறதை என் கண்ணால பார்த்தேன். இப்பவும் சத்தியம் பண்ணுவேன், பார்த்தேன்.”

கண் பதினாறாம் பக்கத்திலிருந்து இருபத்தொன்றுக்குத் தாவியிருந்தது. இடையில் இருந்திருக்க வேண்டிய நான்கு பக்கங்களையும் மனசு புரட்டிவிட்டது. அவர் அடித்த சீட்டை நம்பி, மற்ற மூவரும் தாளின் நிறத்தையும் முனைகளின் மடிப்பையும் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். எண்ணுவது அவர்கள் வேலை இல்லை. இதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் இன்ஸ்பெக்டருக்கு வருத்தமாக இருந்தது.

தராசுக்காரர் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். யாரையும் கேட்காமல் தட்டத் தொடங்கினார். தராசின் இணையப் பக்கத்தில், முகப்பிலேயே வந்தது: ‘ஏழாம் கப்பல் 9. நடுத்தாள் இல்லை. முழுமை என்று பதிந்தது தவறு. எண்ணாமல் பதிந்தவர் நிறுவனத்தின் உரிமையாளர். அன்று அவர் பதிந்த எல்லாப் புத்தகங்களையும் திருப்பி அனுப்புங்கள், செலவு எங்களுடையது.’

“அடுத்த புத்தகத்தை வேற கம்பெனிக்குத்தானே அனுப்புவீங்க?” இன்ஸ்பெக்டர் தாழ்ந்த குரலில் டாக்டரைக் கேட்டார்.

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மத்த ரெண்டு கம்பெனியும் இதுவரைக்கும் தப்பே பண்ணதில்லையாம் மேடம். அவங்களே சொல்லிக்கிறாங்க. எனக்கு இவரு போதும்.”

மூடி வாசலை நோக்கி நடந்தார்.

“மாப்ள, நில்லு.”

மூடி நின்றார். திரும்பவில்லை. “உலகத்துக்கே சொல்லிட்டீங்க மாமா. சந்தோஷம். அக்காகிட்ட யாரு சொல்லுவா?”

தராசுக்காரர் செல்போனை எடுத்து, அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். இரண்டாவது மணியிலேயே மனைவி எடுத்தாள்.

“உன் தம்பி எடுக்கலை. எண்ணாம விட்டது நான். விசாரிக்காம அவனைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல உட்கார வெச்சதும் நான்தான். தப்பு பூரா என்னோடது.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அவன் பக்கத்துல இருக்கானா?”

“இருக்கான்.”

“அவனை உடனே வீட்டுக்கு அனுப்புங்க. நீங்க மெதுவா வந்தாப் போதும்.”

மூடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தராசுக்காரர் தன் வண்டிச் சாவியை எடுத்து மைத்துனரின் உள்ளங்கையில் வைத்தார். அன்று அவர் வீட்டுக்கு நடந்தே போனார்.