ஐந்து எழுத்து, கடைசியில் ஆர்

பேனா மூடியைத் திறப்பதற்கு முன்பே பட்டியலில் ஒரு டிக் விழுந்திருந்தது. மூன்றாம் பக்கத்தின் மேலே, ‘அவுட்டர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில். விரலால் தேய்த்துப் பார்த்தான். நீல மை ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அவனே அச்செடுத்து வந்த தாள் அது. இன்று விடுமுறை வேறு, அலுவலகத்தில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை.

ஏதோ கறை என்று விட்டுவிட்டான். இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள அவன் என்ன இந்தப் புத்தகங்களை வாங்குகிற ஆளா?

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புத்தகங்கள் போடும் கம்பெனி அது. பின்பக்கங்களில் வரும் சொற்பட்டியல்கள் அவன் பொறுப்பு. ஒரே நீளம், ஒரே கடைசி எழுத்து உள்ள சொற்களைத் திரட்டி அகரவரிசையில் கொடுக்க வேண்டும். இன்றைக்கு ஐந்து எழுத்து, கடைசியில் ஆர். ரிவர், பேப்பர், டைகர் என்று இருநூற்றுச் சொச்சம். நாலு கட்டத்தை நிரப்பிக் கொடுத்தாலும் ஐந்தாவதற்குத் திணறி, பக்கத்து சீட்காரர் பார்க்கிறாரா என்று நோட்டம் விட்டு, பின்பக்கம் புரட்டுகிற மேதாவிகளுக்காக இந்த உழைப்பு. அவர்களை நினைத்தாலே அவனுக்கு மூக்கால் ஒரு சிரிப்பு வரும். ஹும்.

பட்டியலை இரண்டு பேராகச் சரிபார்ப்பது அங்கே பழக்கம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் சொல்லை வாய்விட்டுப் படிப்பார். இந்தப் பக்கம் இருப்பவர் டிக் போட்டுவிட்டு, “அடுத்தது” என்பார். பதினோரு வருடமாக அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தவளுக்கு அவன் வைத்த பெயர் ஒலிபெருக்கி. போன மாதம் முதலாளியிடம் போய், “ஏபிசிடி தெரிஞ்ச ஒரு ஆள் போதும் சார், இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?” என்று போட்டுக்கொடுத்ததும் அவன்தான். அவளை அனுப்பிவிட்டார்கள்.

“சரி, நீ தனியா முடிச்சுக் காட்டு. அஞ்சு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும். போகலைன்னா நீயும் வீட்டுக்குப் போயிடலாம்” என்று முதலாளி சொல்லியிருந்தார்.

இப்போது நான்கு. சன்னல் வழியாக விழுந்த வெயில் மேசையின் பாதியைச் சுட்டுக்கொண்டிருந்தது. சூடேறிய அச்சு இயந்திரத்தின் வாடையும், யாரோ கொட்ட மறந்த தேநீரின் புளித்த வாடையும் கலந்து மூக்கை அடைக்க, மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட, அதற்கும் அடியில், வெகு கீழே, வாசல் கதவு இரும்போடு இரும்பு உரசித் திறந்து மெல்லச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. காவலாளியாக இருக்கும். முதல் பக்கத்தைத் தொடங்கினான்.

“ஸ்டேர்.”

மாடிப்படியிலிருந்து வந்தது குரல். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையைப்போல ஒரு நிதானம். அவன் கை தானாக நான்காம் பக்கத்தைப் புரட்டியது, சொல்லைத் தேடியது, டிக் போட்டது.

“அடுத்தது” என்றது அவன் வாய்.

அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பதினோரு வருடப் பழக்கம், செக்குமாடு மாதிரி சுற்றிவிட்டது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு ஒலிபெருக்கிக்குப் போன் போட்டான். அவள்தான் ஆள் வைத்து விளையாடுகிறாள்.

“ஏம்மா, வேலை போனா கௌரவமா வீட்ல இருக்கத் தெரியாதா? யாரை அனுப்பியிருக்க?”

“நான் யாரையும் அனுப்பல சார். தனியாவா உட்கார்ந்திருக்கீங்க? பட்டியலைத் திறந்துட்டீங்களா?”

“திறந்தா?”

“படிக்கிற நாற்காலி காலியா இருக்கும்போது பட்டியலைத் திறக்க மாட்டோம் சார். எனக்கு உடம்பு முடியாதப்போ வாட்ச்மேனையாவது உட்கார வச்சுதான் திறந்திருக்கோம். நீங்க கேலி பண்ணுவீங்கன்னு காரணம் சொல்லல.” அவள் குரல் இறங்கியது. “அடுத்ததுன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்படியே போட்டுட்டு எழுந்து வந்துடுங்க.”

ஹும். போனை வைத்தான். எழுந்து போனால் ஐந்து மணிக்குப் பட்டியல் போகாது. நாளைக்கு முதலாளி முன்னால் நின்று, படிக்க யாரோ வந்தார்கள், பயந்து ஓடிவிட்டேன் என்று சொல்வதா? அதைக் கேட்டு இந்த ஒலிபெருக்கி மறுபடியும் வந்து நாற்காலியில் சாய்ந்து உட்காருவதா? பயத்தைவிட அந்த நினைப்புதான் அவனுக்கு அதிகமாகக் கசந்தது. பேனாவை எடுத்தான்.

“ஃப்ளோர்.”

இந்தத் தளத்தில்தான். கூடத்தின் கோடியில். சொல்லை முடித்ததும் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. ஹும். அது அவனுடைய சிரிப்பு.

டிக் விழுந்தது. பல்லைக் கடித்தான். ஆனாலும் அவ்வளவு ஏளனத்தை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. “படிக்கிற லட்சணம். வரிசையாப் படிக்கத் துப்பில்ல. ஹும், அடுத்தது.”

வாயைப் பொத்திக்கொண்டான். சொல்லியாகிவிட்டது.

“என்டர்.”

அறைக் கதவு அசையவில்லை. காற்று மட்டும் உள்ளே வந்தது. ஈரமான, நாள்பட்ட வாடை.

“சேர்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி முனகியது. அவன் எழுந்து எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. நாற்காலியின் மெத்தை மட்டும் அமுங்கிக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக உப்பியது. இப்போதுதான் யாரோ எழுந்திருக்கிறார்கள்.

கதவு எட்டடி தூரம். போய்விடலாம். கால் வரவில்லை. உட்கார்ந்தான்.

மின்விசிறி நின்றது.

“அண்டர்.”

மேசைக்கு அடியிலிருந்து.

அவன் குனியவில்லை. குனிய மாட்டான். பேனாவை மேசைமேல் போட்டான். உதட்டைக் கடித்தான். ரத்தம் கசிந்தது. ஒரு சொல்லும் வெளியே விடவில்லை.

முழங்காலுக்கு அருகே ஏதோ நகர்ந்தது. மேசை விளிம்பில் ஒரு கை ஏறியது. சாம்பல் நிறம். நகங்களில் நீல மை. அவசரமே இல்லை. அங்கே கிடந்த பேனாவை எடுத்து அவன் விரல்களுக்கு நடுவில் செருகியது. அவன் கையைப் பிடித்து, அண்டருக்கு அருகில் ஒரு டிக் போட வைத்தது.

“சொல்ல மாட்டியா?” என்று அவன் குரலிலேயே கேட்டது. “ஹும். வேண்டாம். ஒரு ஆள் போதும்.”

அதுவே சொன்னது. “அடுத்தது.”

அதுவே படித்தது.

“லிவர்.”

கை பேனாவை விட்டது. அவன் சட்டைக்குள் நுழைந்தது. வலது பக்கம். குளிர்ந்த விரல் ஒன்று மேலிருந்து கீழாக, ஒவ்வொரு விலா எலும்பிலும் நின்று, இது இல்லை, இது இல்லை என்று இறங்கியது. கடைசி எலும்புக்குக் கீழே வந்ததும் நின்றது. மெல்ல அழுத்தியது.