பதினான்காம் பருவத்தின் துக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பாளையங்கோட்டை நூலகத்தின் மாடி அறையில் இருபத்திரண்டு பேர் ஒரு மனிதரின் முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவர்த்திரையில் அந்த முகம் அசையாமல் நின்றது. பதினான்கு பருவங்களாக வந்துகொண்டிருக்கும் தொடரின் துப்பறிவாளர் மாசிலாமணி, உப்பளத்து வீடொன்றின் வாசலில் ஒரு தாயிடம் "செத்தது உங்க மகன்தாம்மா" என்று சொல்லி முடித்த கணம்.

"பாதி முகத்துலதான் துக்கம் இருக்கு, பாத்தியளா?" என்றார் குற்றாலநாதன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், இந்த ரசிகர் வட்டத்தைத் தொடங்கியவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. "மத்த பாதி கல்லு மாதிரி. கடமைய செய்யுத பாதி அது. அருளப்பன் சார் இந்தப் பதினாலாம் பருவத்துலதான் உண்மையிலேயே நடிக்காவ."

மாசிலாமணியாக வரும் அருளப்பன் நடித்து அதை யாரும் படம் பிடிக்கவில்லை. அப்படி எடுக்கும் வழக்கம் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கதைப்பொறிதான் கதையைக் கட்டி, ஊரை வரைந்து, மனிதர்களை நடமாடவிட்டது. தொடக்கத்தில் நடிப்பையும் அதுவே செய்து பார்த்தது. இரண்டே வருடத்தில் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. எல்லா அழுகையும் ஒரே அழுகையாக இருந்தது. அதன் பிறகுதான் மெய்யொற்றி வந்தது. தபால்தலை அளவில் ஒரு ஒட்டு. கழுத்தடியில், காறையெலும்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் மூச்சு, நாடி, தொண்டையின் அசைவு, தசைகளுக்குப் போகும் நரம்புத் துடிப்பு எல்லாவற்றையும் படித்துக் கதைப்பொறிக்கு அனுப்பும். நடிகர் தன் வீட்டில் தன்பாட்டுக்கு இருந்தால் போதும். அந்த வாரம் அவர் பட்டதில் எது கதைக்குத் தேவையோ அதைப் பொறி எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெபமலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வாரமாக அவளும் இந்த நடிப்பில் சொக்கிப்போய்க் கிடந்தவள்தான். ஏழாம் பகுதியில் மாசிலாமணி சொல்லுக்காகத் தடுமாறும் இடத்தை மட்டும் நான்கு முறை போட்டுப் பார்த்து அழுதிருக்கிறாள். ஆனால் அவள் வேலை பிசியோதெரபி. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களை மறுபடி நடக்கவைப்பது. மூன்று நாளைக்கு முன் ஒரு புதிய நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் சிரிக்க முயன்றபோது வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது. இதே சிரிப்பை வேறு யாரிடமோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாள். இப்போது எங்கே என்று தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது நடிப்பு இல்ல," என்றாள்.

அறை திரும்பிப் பார்த்தது.

"அவருக்கு உடம்பு சரியில்ல. ரெண்டாம் பகுதியிலேருந்து பாருங்க. நடக்கையில இடது கை வீசவே இல்ல. வார்த்தை குழறுது. வாரத்துக்கு வாரம் கூடிக்கிட்டே போவுது. தலைக்குள்ள ஏதோ நடக்கு."

"ஏன் மதினி, நல்லா ஒருத்தர் நடிச்சா அவருக்கு நோய்னு சொல்லிருவியளா?" என்றாள் ஆதிலட்சுமி. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். கதை பாதி போவதற்குள் குற்றவாளியைச் சொல்லிவிடுவதால் வட்டத்தில் அவளுக்குத் தனி மதிப்பு. "பொறி அதெல்லாம் சேத்துதானே வரையுது? கை வீசாம நடக்கணும்னு கதைக்கு வேண்டியிருந்திருக்கும்."

"பொறிக்கு எது துக்கம், எது நோவுன்னு தெரியாது. உடம்பு தளர்ந்தா அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. "ரசிக்க வந்த எடத்துல வைத்தியம் பாக்காதீங்கம்மா," என்று சொல்லிப் படத்தை ஓடவிட்டார்.

அன்று மாலை ஜெபமலர் ஒன்பது பகுதிகளிலிருந்தும் துண்டுகளை எடுத்து வரிசைப்படுத்தி ரசிகர் மன்றத்தின் பொதுப்பலகையில் போட்டாள். எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதினாள். கை வீச்சு, கண் சிமிட்டல், வாயோரம், மூச்சு விடும் இடம். லட்சம் பேர் படித்தார்கள். பாதிப்பேர் திட்டினார்கள். மீதிப்பேர் அவள் சொன்னபடி பார்த்துவிட்டு, இவ்வளவு நுணுக்கமா, இது தெரியாமல் போயிற்றே என்று அருளப்பனை இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார்கள். தொடரை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினாள். நடிகரின் உடல்நிலை அவரது சொந்த விவரம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலில் குற்றாலநாதன் நின்றிருந்தார். கையில் ஒரு உறை.

"வருஷா வருஷம் அவருக்குப் பிறந்தநாளுக்குக் கடிதம் போடுவேன். தபால்லதான். அவரும் கைப்பட பதில் எழுதுவாரு. யார்ட்டயும் சொன்னதில்ல," என்றார். உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்தார். "இது போன வருஷம். இது நேத்து வந்தது."

நேற்று வந்ததில் வரிகள் சரிந்து சரிந்து தாளின் ஓரத்தில் போய் விழுந்திருந்தன. அண்ணாச்சியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. கடைசி வாக்கியம் இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது.

"விலாசம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இலஞ்சி. வாங்க, போவோம்."

இருவரும் தென்காசி ரயிலில் ஏறினார்கள். பதினொரு மணிக்கு அந்த வீட்டை அடைந்தபோது வாசற்கதவு திறந்தே கிடந்தது. பல் தேய்த்த நுரை வாயோரத்தில் காய்ந்திருக்க, சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி, அறுபத்தோரு வயது மனிதர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆறிப்போன இட்லி. தாங்கள் யார் எவர் என்று அண்ணாச்சி சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக ஒரு பாதி முகத்தால் சிரித்தார். திரையில் பார்த்துப் பழகிய சிரிப்பு அது. அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார் அருளப்பன். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்தார். "ஒரு... ஒரு கனம். மனசுல. மூணு மாசமா இருக்கு. அது வந்த பொறவுதான் எல்லாரும் எழுதுதாங்க. இப்பதான் எனக்கு நடிப்பு வந்திருக்காம்."

"மூணு மாசத்துக்கு முந்தி எங்கேயாவது விழுந்தியளா?" என்று கேட்டாள் ஜெபமலர்.

யோசித்தார். "குளிக்கப் போன எடத்துல. தலை லேசா இடிச்சுது. ரத்தம்லாம் இல்ல."

ஜெபமலர் அவரை நிமிர்ந்து உட்காரச் சொன்னாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே தெரிய வைத்து, கண்ணை மூடச் சொன்னாள். பத்து வரை எண்ணினாள். வலக்கை அப்படியே இருந்தது. இடக்கை தானாகத் திரும்பிக் கீழே கீழே இறங்கியது.

"இப்ப கண்ணத் திறங்க சார்."

அவர் தன் இடக்கையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "நான் இறக்கலியே," என்றார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல், "அப்ப அது நடிப்பு இல்லியா?" என்றார்.

அவள் அவர் சட்டையின் மீதிப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுவந்தார்கள். தலையைப் படம் எடுத்த மருத்துவர், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மூன்று மாதமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து தேங்கியிருந்த இரத்தத்தைக் காட்டினார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பார் என்றார். உடனே துளை போட்டு வடிக்க வேண்டும்.

அறுவை அறைக்குள் கொண்டுபோகுமுன் செவிலி அவர் மார்பிலிருந்த மெய்யொற்றியை உரித்து ஜெபமலரிடம் கொடுத்தாள். தோலை விட்டுப் பிரிந்ததும் அது கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. காத்திருந்த ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குள் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை. அணைக்கும் விசை என்று எதுவும் இல்லை. வேறு வழி தெரியாமல் புடவைத் தலைப்பை விலக்கித் தன் காறையெலும்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டாள். சத்தம் நின்றது.

பிறகு அதை மறந்துபோனாள். மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வாரம் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்ததைத்தான் கைதட்டிப் பார்த்தோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை. அந்த ஏழாம் பகுதி. நான்கு முறை. வாய்க்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மூச்சு விட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். கதவு திறந்து மருத்துவர் தலையசைத்தபோது நாற்காலியிலேயே குனிந்து அழுதாள்.

அருளப்பன் பிழைத்தார். அவர் கண் விழித்ததும் ஜெபமலர் மெய்யொற்றியை அவர் மார்பிலேயே திரும்ப ஒட்டிவிட்டாள். பத்து நாளில் இடக்கையால் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார். பேச்சு தெளிந்தது. தாம் நன்றாகச் சிரிக்கக்கூடிய மனிதர் என்பது அவருக்கே மறந்திருந்தது. அதற்குள் பருவத்தின் கடைசிப் பகுதி வெளிவந்துவிட்டது.

ஜெபமலர் அதைத் தன் வீட்டில் தனியாகப் பார்த்தாள். கடைசிப் பதினோரு நிமிடம் மாசிலாமணி ஒரு மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அவரால் காப்பாற்ற முடியாமல் போன பெண். வசனம் இல்லை. அவர் மார்பு ஏறி இறங்குகிறது. உதடு மட்டும் லேசாக அசைகிறது. திடீரெனக் குனிந்து உடைந்து போகிறார். முகம் அருளப்பனுடையது. ஆனால் அந்த மூச்சு எங்கே தடுக்கி எங்கே விடும் என்று திரையில் வருவதற்கு முன்பே அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. எழுந்துபோய்த் திரையை அணைத்தாள்.

அதைப் பற்றி அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னாள். "யார்ட்டயும் சொல்லாதீங்கம்மா," என்றார் அவர். "நம்ம ஆளுங்களை எனக்குத் தெரியும்."

பொதுப்பலகையில் அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றி நான்கு லட்சம் பேர் எழுதினார்கள். எதையும் படிக்கக் கூடாது என்றுதான் ஜெபமலர் இருந்தாள். ஆனாலும் படித்தாள். எனக்கு என் தகப்பனார் இறந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் உள்ளுக்குள் ஒரு இளஞ்சூடு பரவியது. தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது. மறுநாளும் திறந்து பார்த்தாள்.

மூன்றாம் வாரம் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அருளப்பன் மெய்யொற்றியைத் திருப்பிக் கொடுத்து விலகிவிட்டார். கடைசிப் பதினோரு நிமிட உணர்வு அவருடையது அல்ல என்பதை நாடிப் பதிவு காட்டுகிறது. அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. அந்த ஒருவர் முன்வந்தால் பதினைந்தாம் பருவம் வரும், இல்லாவிட்டால் தொடர் இத்தோடு முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று ஜெபமலர் போனாள். அறை நிரம்பி வழிந்தது. வழக்கமான இருபத்திரண்டு பேரோடு வெளியூர்க்காரர்கள் அறுபது எழுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி ஓரமாக, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பக்கத்தில் ஆதிலட்சுமி நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படிப் பொலிந்து ஜெபமலர் பார்த்ததில்லை.

"மதினி, வாங்க வாங்க. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பாத்தோம். கை, கண்ணு, மூச்சு எல்லாம். நிமிசத்துக்குப் பதினெட்டு மூச்சு. அது பொம்பள மூச்சு. வயசு நாப்பதுக்கு மேல. அருளப்பன் சாரைத் திருநெல்வேலியிலதான் ஆஸ்பத்திரியில சேத்தாங்க, அதுவும் தெரியும். ஆனா இந்த உதடுதான் புரியாம இருந்துச்சு. ஜெபம்னு சொன்னாங்க, யாரோ பேருன்னு சொன்னாங்க." அவள் படத்தை மெதுவாக ஓடவிட்டாள். மாசிலாமணியின் உதடு அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது. "அசைவ எண்ணிப் பாத்தேன். பத்து. ஒரு மூச்சு. மறுபடி பத்து. போன வருஷம் எங்க அம்மாவுக்குத் தோள்பட்டை தூக்க முடியாம இருந்தப்ப உங்கள மாதிரி பிசியோதெரபி பாக்குத ஒருத்தங்க வீட்டுக்கு வந்து பயிற்சி குடுத்தாவ. இப்படித்தான் எண்ணுவாவ."

எண்பது தொண்ணூறு முகங்கள் ஒவ்வொன்றாக ஜெபமலர் பக்கம் திரும்பின.

"நான் இல்ல," என்றாள்.

யாருக்கும் கோபம் இல்லை. அவள் பொய் சொன்னதைக்கூட அவர்கள் ரசித்தார்கள். கன்னம் இறுகியதை, கண் சிமிட்டாமல் நின்றதை, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை, அவள் கற்றுக்கொடுத்த வரிசையிலேயே பார்த்தார்கள். சிலர் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரே ஒரு பருவம் மட்டும்க்கா," என்று பின்னாலிருந்து யாரோ கெஞ்சினார்கள்.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். கும்பல் விலகவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை, அன்போடு நின்றார்கள். ஆதிலட்சுமி வந்து அவள் கையை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் விரல்கள் நகர்ந்து மணிக்கட்டில் போய் நின்றன.

"எம்மா, என்ன வேகமா அடிக்கி!" என்றாள் மற்றவர்களைப் பார்த்து, மகிழ்ச்சியோடு.